வயிறு நிறைந்த சொல்

புத்தலப்பட்டு
2 டிசம்பர் 2025

மாமாவுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். "எப்படி கீற ரூபா?" என்று கேட்டாய். நைனா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா நம் நீரஜாவை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "நல்லாகீறேன்" என்றேன். "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று நீயும் வைத்துவிட்டாய்.

என் போன் இன்னும் அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் போன் வெளிச்சம் ஆகாதாம், கண் போய்விடுமாம். புத்தகமும் ஆகாது, தலைக்குக் குளிர்ந்த தண்ணீரும் ஆகாது, வாசலில் நின்றால் காற்று ஆகாது. ஏப்ரலில் எம்.ஏ. பரீட்சை வருகிறது, பாடத்தில் சந்தேகம், மாமாவைத்தான் கேட்க வேண்டும் என்று அழாத குறையாகச் சொன்ன பிறகு நைனா தபால் கவர் வாங்கி வந்தார். "இங்கிலீசு டவுட்டுனா கேட்டுட்டுப் போவுது வுடு சந்திரா" என்று அம்மாவிடம் எனக்காகப் பேசினார். அவருக்கும் அம்மாவுக்கும் தெலுங்குதான் படிக்க வரும். நான் நகரியில் சித்தப்பா வீட்டில் தங்கித் தமிழ் படித்தது இதற்காவது உதவுகிறது.

சந்தேகம் என்று சொல்லிவிட்டேன், அதனால் ஒன்று கேட்டுவிடுகிறேன். பொய்யாகப் போகக் கூடாது.

தடுப்பூசி போட நர்ஸம்மா வந்திருந்தாள். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டாள். எல்லாம் தெலுங்கில் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்து, "ஸேட்டுகா உந்தா தல்லி?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "அவளுக்கு இன்னா நர்ஸம்மா? மூணு வேளயும் நல்லா துன்னுக்கினு கீறா. ராணி மாதிரி பட்த்துக்கினு கீறா" என்றாள். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே எதையோ தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

'ஸேட்டாக இருக்கிறதா அம்மா' என்று தெலுங்குக்கு நடுவே ஒரு இங்கிலீசுச் சொல். எஸ், ஏ, டி. ஸேட். மூன்றே எழுத்து. நீ தினமும் கோச்சிங் சென்டர் போர்டில் ஒரு சொல்லை எழுதி அது எங்கே பிறந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வாயே, இது எங்கே பிறந்தது? துக்கம் என்கிறதைத் தவிர அதற்கு வேறு என்ன பொருள்?

நிதானமாக எழுது. ஆனால் எழுது.

ரூபா


திருப்பதி
8 டிசம்பர்

ரூபா,

என்ன கேள்வி கேட்டாய் போ! இரண்டு நாள் இதே வேலையாக இருந்தேன். கேட்டால் நம்பமாட்டாய். ஸேட் என்றால் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் துக்கமே கிடையாது. வயிறு நிறைந்தவன் என்று பொருள். போதும் போதும் என்கிற அளவுக்குச் சாப்பிட்டவன். ஜெர்மன்காரன் இன்றைக்கும் சாப்பிட்டு முடித்ததும், வயிறு நிறைந்தது என்று சொல்ல 'ஸட்' என்கிறான், அது இதனுடைய அக்கா தங்கச்சிதான். லத்தீனில் 'ஸாடிஸ்' என்று ஒன்று, போதும் என்று அர்த்தம், அதிலிருந்து வந்ததுதான் நாம் சொல்கிற ஸாடிஸ்ஃபை. திருப்தியும் துக்கமும் ஒரே குடும்பம்!

பிறகு எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று பார். வயிறு நிறைந்தவன் கனமாக இருப்பான். அதனால் கனம் என்று ஒரு பொருள் வந்தது. கனமானவன் அசையமாட்டான், அதனால் உறுதியானவன், விளையாட்டுப் புத்தி இல்லாதவன் என்று இன்னொன்று. நிறைந்தவனுக்கு அலுப்பு வரும், அதனால் அலுத்துப்போனவன் என்று ஒன்று. கடைசியில்தான் துக்கம். பழைய காலத்தில் கெட்டி இரும்பாலான இஸ்திரிப் பெட்டிக்கு ஸேட் அயர்ன் என்று பெயர். பொங்காமல் கல்லு மாதிரி அமுங்கிப்போன ரொட்டியையும் இங்கிலாந்தில் சில ஊர்களில் ஸேட் என்றுதான் சொல்வார்களாம்.

நேற்று காலை வகுப்பில் இதையே போர்டில் போட்டேன். பாங்க் பரீட்சைக்குப் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்போ பிரியாணி துன்னுட்டு வந்தா சோகமா சார்?" என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் வீட்டுக்காரி கேட்ட கேள்வி என்று பெருமையாகச் சொன்னேன்.

நன்றாகச் சாப்பிடு. அம்மா சொன்னது சரிதான், சாப்பாடுதான் முக்கியம். நீரஜா எடை ஏறியிருக்கிறாளா? சுக்கிரன் மறைந்திருக்கிற இந்த மூடம் பிப்ரவரி நடுவில்தான் முடிகிறதாம். அது முடிகிறவரை பச்சைக் குழந்தையை எடுத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று எங்கம்மா காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். கண் மூடித் திறப்பதற்குள் பிப்ரவரி வந்துவிடும்.

இந்த மாதிரி இன்னும் சந்தேகம் கேள்.

சுதீர்


புத்தலப்பட்டு
16 டிசம்பர்

மாமாவுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துப்போட்டேன், அதனால் தாமதம். நீ வகுப்பில் சொன்னதை நினைத்து முதலில் கோபம் வந்தது. நான் அதைச் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. பிறகு உனக்கு எப்படித் தெரியும், நான்தான் சொல்லவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் மறுபடியும் உன்மேல் கோபம் வந்தது.

ஆனால் உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் பூண்டுக் குழம்பும் சோறும். கொஞ்ச நேரம் கழித்துப் பால். பிறகு முட்டை, சுறாப்புட்டு, கருவாடு, மறுபடியும் பால். நான் துன்னால்தான் குழந்தைக்குப் பால் ஊறும் என்று தட்டு காலியாகிறவரை அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பாள். மார்பு கல்லு மாதிரி கட்டிக்கொள்கிறது. வீடும் நிறைந்து கிடக்கிறது மாமா. பார்க்க வருகிறவர்கள், குழந்தை யார் மாதிரி என்று சண்டை போடுகிறவர்கள், எதிலும் குறையில்லை. நீ சொன்ன ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆள் யாராவது என்னை வந்து பார்த்திருந்தால் அவன் ஸேட் என்கிற அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லியிருப்பான். அம்மா சொன்ன அதே காரணத்தை வைத்துக்கொண்டு நேர் எதிராகச் சொல்லியிருப்பான்.

நீரஜா தூங்கினால் நான் தூங்குவதில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்க்கிறேன். விடுகிறாள். சரி என்று படுக்கிறேன். உடனே எழுந்து மறுபடியும் பார்க்கிறேன். அவள் அழும்போது எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. யாரோ பக்கத்து வீட்டில் அழுகிற மாதிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா ஓடிவந்து தூக்கி, "இன்னாடி, கல்லு மாரி குந்திக்கினு கீற?" என்கிறாள். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. ஏன் என்று கேட்காதே. கேட்டால் எனக்கே பதில் சொல்லத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பொம்மை, டயப்பர் எதுவும் வேண்டாம். சும்மா வா.

ரூபா


திருப்பதி
23 டிசம்பர்

ரூபா,

வந்தேன், போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் உன் வீட்டில்தான் இருந்தேன், உன்னோடு இல்லை. உன் அம்மா இலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றினார்கள். உன் நைனா மாங்காய் ரேட் பற்றிச் சாயங்காலம்வரை பேசினார். உள் அறையில் நான் நுழைந்தபோது உன் சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, இன்னும் யார் யாரோ. "எப்படி கீற?" என்றேன். "இருக்கேன்" என்றாய். தலையை நிமிர்த்தவே இல்லை. தொட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தனை பேர் முன்னால் எப்படிக் கேட்பது? நீயாவது தண்ணி கொடுக்கிற மாதிரி வெளியே வந்திருக்கலாம்.

திரும்பி வந்து எங்கம்மாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "எனக்கும் மூணு பொறந்துச்சி, மூணு தடவையும் அழுதேன், அப்புறம் சரியாப் பூட்ச்சி" என்றாள். சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நல்லதையே நினை. பாட்டுக் கேள்.

உடனே அழைத்துக்கொண்டு போ என்று நீ கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தாய் என்று தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு அண்ணன். அவனை எங்கம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து எடுத்துவந்தது மூடத்தில்தான். யாரும் நாள் பார்க்கவில்லை. வந்த பதினைந்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். சுக்கிரனுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வகுப்பில் பேசுவேன். எங்கம்மா முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. நீரஜாவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் தாங்கமாட்டாள். உண்மையைச் சொன்னால், நானும்.

பிப்ரவரி வரைக்கும் பொறு.

சுதீர்


புத்தலப்பட்டு
3 ஜனவரி 2026

மாமாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அண்ணன் விஷயம் தெரியாது. அத்தையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை நான் பஸ் ஏறிவிட்டேன்.

எதையும் யோசித்துப் போகவில்லை. நீரஜா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று ரோடு வரைக்கும் போனேன். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ் வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு லேசாக இருந்தது மாமா, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கண்டக்டர் ஒரு அம்மா. "ஆதார் காட்டும்மா, பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, ஜீரோ டிக்கெட் குடுக்கறேன்" என்றாள். ஆதார் இல்லை என்றேன். "எங்க போவணும்?" திருப்பதி என்றேன். "ஆதாரும் இல்ல, பையும் இல்ல, கால்ல செருப்பும் இல்ல, திருப்பதிக்கா?" என்று சிரித்தவள் என் ரவிக்கையைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அவள் குரலைத் தாழ்த்தி, "பசிபிட்ட எங்கம்மா?" என்று கைக்குழந்தையைக் கேட்டாள். நான் வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். விசில் ஊதி நடுரோட்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டாள். கையைப் பிடித்து இறக்கி, "எதிர்ல பஸ் வரும், ஏறிக்கோ, நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். நான் காத்திருக்கவில்லை. நடந்தே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் நீரஜா எழுந்திருக்கவில்லை. அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. "முட்ட வெந்துடுச்சி, சூடா துன்னு" என்றாள். உட்கார்ந்து துன்னேன். ரோட்டில் நடந்த மண் காலில் அப்படியே இருந்தது.

நான் போனதைவிட இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நான் இல்லாததே இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை கண்டக்டர் வேறு யாராவது இருந்தால்?

எனக்கு இனிமேல் எந்தச் சொல்லைப் பற்றியும் சந்தேகம் இல்லை. பாட்டும் வேண்டாம். எனக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ரூபா


சித்தூர் பஸ்ஸில்
7 ஜனவரி

ரூபா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். வாசலில் காலை வைத்ததும் உன் அம்மா "வாங்க மாப்ள, துன்னுங்க" என்பார்கள், எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிக்கொண்டு வந்து உன் கையில் கொடுக்கப்போகிறேன். எல்லோரும் பார்க்கட்டும். யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாதுதானே.

உன் கடிதம் இன்று காலை வகுப்புக்குப் போகும்போது வந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நீ டிசம்பரிலேயே என்னிடம் கேட்டுவிட்டாய். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எவளோ ஒருத்திக்குப் பதில் சொல்கிற மாதிரி ஜெர்மன், லத்தீன் எல்லாம் எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பிப் போய் எங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியை, பஸ்ஸை, எல்லாவற்றையும். நீ திட்டுவாய் என்று தெரியும். அம்மா போய்க் காலண்டரை எடுத்து வந்தாள். அப்புறம், "கொழந்தய மூடத்துல எட்த்துக்கினு வராத சுதீரு, கையெடுத்துக் கும்புடறேன்" என்றாள்.

"எடுத்துக்கினு வரல. நான் போறேன்" என்றேன்.

"எங்க?"

"அங்க. மூடம் முடியறவரைக்கும் அங்க இருந்து வேலைக்கு வந்து போறேன். மூடம் கொழந்தைக்கும் அவளுக்கும்தான? எனக்கு இல்லியே?"

"வீட்டோட மாப்பிள்ளையாவா? மாமியார் ஊட்ல குந்திக்கினு துன்றவன்னு ஊரே சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும்மா."

அவள் உள்ளே போய்விட்டாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வெளியே வந்து, "ஆஸ்பத்திரிக்கு மூடம் கெடையாது. மொதல்ல அவள டாக்டராண்ட காட்டு" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலை வகுப்பை இன்னொருவருக்கு மாற்றிவிட்டேன். மத்தியானம் போய் சாயங்காலம் வந்துவிடுவேன். உங்கள் ஊர் ஹெல்த் சென்டருக்குப் போன் பண்ணி அந்த நர்ஸம்மாவைப் பிடித்தேன். உன் பெயரைச் சொன்னதுமே, "அன்னிக்கே அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தேன் சார், அவங்கம்மா பேசவுடல" என்றாள். வெள்ளிக்கிழமை சித்தூரில் டாக்டரம்மாவைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறாள். அவளும் கூட வருகிறாள். நீரஜாவும் வருகிறாள். நீ பேச வேண்டும். உன் அம்மா வாயைத் திறந்தால் அவர்களை வெளியே கூட்டிப்போவது என் வேலை.

உன் ஊர் ஸ்டாப் வந்துவிட்டது.

சுதீர்


புத்தலப்பட்டு
25 ஜனவரி

மாமாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். நீ வெளி அறையில் நைனாவோடு, நாங்கள் உள் அறையில் அம்மாவோடு. நடுவில் எப்போதும் யாராவது. உன் பையில் வைக்கிறேன், பஸ்ஸில் படி.

மாத்திரை சாப்பிட்டால் வாய் உலர்கிறது. சரியாக நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான். இன்னும் விரலை வைத்து மூச்சைப் பார்க்கிறேன். முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. தொட்டிக்கு யாரும் கேட்காமலேயே நைனா தகரத்தில் மூடி போட்டுவிட்டார். அம்மா பக்கத்து வீட்டில் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். டாக்டரம்மா அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தாய்தானே. நேற்று தட்டில் பாதிச் சோறு மீதி வைத்தேன். எதுவும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

உன்னை ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும். மாங்காய் மண்டிக்காரர் நைனா பெயரைச் சொல்லி, உன் காதில் விழும்படியே, "சிட்டிபாபு ஊட்டுக்குப் புது ஆள் வேலைக்கு வந்துகீறான் போல" என்றாராம். நீ திரும்பி, "சம்பளம்தான் இன்னும் பேசலண்ணா" என்றாயாம். நைனா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று நான் எழுதமாட்டேன். அப்படி இல்லை. இத்தனை பேர் நடுவில் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. நீ மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பியதும் வீடு நீளமாகிவிடுகிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இது.

நேற்று நீ வந்தபோது நான் வீட்டுக்குள் இல்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வெறுமனே நின்றிருந்தேன். காரணம் ஒன்றும் இல்லை. நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "ரூபா எங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "இங்கதான் எங்கியோ கீறா, மொதல்ல காபி குடிங்க மாப்ள" என்றாள் அம்மா. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது. பிறகு நீ பின்வாசலுக்கு வந்து கூப்பிட்டாய்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. கோபம் இல்லை மாமா. இன்னொரு முறை கூப்பிடுகிறாயா என்று பார்த்தேன்.

கூப்பிட்டாய்.

ரூபா